அப்பாவின் பெயருக்கு முன்னால்

மகன், அபிஷாவின் அப்பா நேற்றும் தொலைபேசி எடுத்தார். கலியாண அழைப்பிதழ் அச்சுக்குப் போக எல்லாம் தயார், உங்கள் பக்கத்தில் ஒரு சொல்தான் பாக்கி என்றார். நல்ல மனிதர், கேட்கக் கூசிக்கொண்டுதான் கேட்டார். உன் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா, வெறும் 'திரு' என்று போடுவதா? நீ வேலை செய்கிற தூரினிலிருந்து அவருக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டாயாம், அந்தச் சொல் வேண்டவே வேண்டாம் என்று. இருந்தாலும் தாயிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

இதை உன்னோடு தொலைபேசியில் கதைக்க என்னால் முடியாது. நீ வீடியோவில் வருவாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரச் சின்யோரா படுத்துவிட்டாள். பலெர்மோவில், கால்சாப் பகுதியின் இந்தப் பெரிய வீட்டில் இந்த நேரம் ஒரு சத்தமும் இருக்காது. குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். நீ தமிழ் வாசிக்க நேரம் எடுப்பாய். அவசரப்படாமல் வாசி.

உனக்கு அப்பாவைத் தெரியும். பல்லரோ சந்தையில் மீன்காரர்களோடு சிசிலியன் பாஷையில் பகிடி விடுகிற, உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு அல்பெர்கேரியாச் சந்துகளில் ஓடுகிற மனிதரைத் தெரியும். அவர் லின் என்ற நடிகராக இருந்ததை நீ படத்தில் பார்த்ததோடு சரி. அவர் எங்கிருந்து வந்தார், என்ன பட்டார் என்று நாங்கள் உன்னை உட்கார வைத்துச் சொன்னதே இல்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த பாஷை இத்தாலியன் ஒன்றுதான். அதுவும் மற்ற ஆட்களின் வீடு துடைத்துக்கொண்டு படித்த இத்தாலியன். அதில் கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லலாம், பெர்மெஸ்ஸோ விசா வந்துவிட்டதா என்று கேட்கலாம். ஒரு வாழ்க்கையைச் சொல்லி முடிக்க அது காணாது. அவர் எனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். நான் பொருத்தி வைத்திருப்பதை உனக்குத் தருகிறேன்.

அவர் பிறந்தது பர்மாவில், மோல்மீன் என்ற துறைமுக ஊரில். அந்தத் தெருவில் தமிழ்ச் சனம் நிறைய இருந்ததாம். அவர்களுடைய பிள்ளைகளோடு விளையாடிப் பத்து வரைக்கும் தமிழில் எண்ணப் பழகியிருந்தார். தகப்பன் சின்னதிலேயே செத்துவிட்டார். அக்காதான் வளர்த்தாள். பதினெட்டு வயதில் ரங்கூனுக்குப் போய், படம் எடுக்கிற இடத்தில் விளக்குத் தூக்குகிற வேலையில் சேர்ந்தார். ஒரு நாள் படகிலிருந்து குண்டடிபட்டு ஆற்றில் விழ வேண்டிய நடிகர் தண்ணீருக்குப் பயந்து மாட்டேன் என்று நின்றுவிட்டார். நான் விழுகிறேன் என்று இவர் முன்னுக்குப் போனார். விழுந்த விதத்தைப் பார்த்து இயக்குநர் இன்னொரு முறை விழச் சொன்னாராம். அடுத்த படத்தில் அவருக்கு முகமும் கிடைத்தது, பெயரும் கிடைத்தது. அந்தப் படத்திலும் செத்தார்.

அதிலிருந்து அவரை வைத்துப் படம் எடுத்தவர்கள் எல்லாரும் கடைசியில் அவரைச் சாகடித்தார்கள். காசநோயில் செத்தார், போரில் செத்தார், காதலியின் கலியாண வீட்டு வாசலில் செத்தார். சனம் அழுவதற்காகவே கொட்டகைக்கு வந்ததாம். அங்கே ஒரு வழக்கம். சாவுக் காட்சி எடுத்தால் உடனே காமராவை நிறுத்தக் கூடாது. செத்தவன் கண்ணைத் திறந்து, எழும்பி, சிரிக்கும் வரைக்கும் ஓடவிட வேண்டும். பிறகு அந்தச் சிரிப்பை வெட்டி எறிந்துவிடுவார்கள். சாவு நடிகனோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காக. எங்கள் கலியாணம் முடிந்த புதிதில் இதைச் சொல்லிவிட்டு, இந்தக் குசினித் தரையில் ஒருமுறை விழுந்து காட்டினார். நான் பயந்து கத்தினேன். கண்ணைத் திறந்து சிரித்துவிட்டு எழும்பினார். நீயும் சின்ன வயதில் அதையே கேட்பாய். "அப்பா, செத்துக் காட்டு" என்பாய். பல்லரோவில் ஒருநாள் அவர் செத்துக் காட்டியதில் காய்கறிக்காரி அம்புலன்சுக்கு அடித்துவிட்டாள். நான் இரண்டு பேரோடும் கதைக்காமல் கோபத்தில் இருந்தது உனக்கு நினைவிருக்கும்.

பிறகு அவரே படம் இயக்கினார். சிறை வாசலுக்குத் தினமும் சோறு கொண்டுபோகிற ஒரு பெண்ணின் கதை. புருஷன் உள்ளே இருக்கிறானா இல்லையா என்று யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. சோற்றை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். அவ்வளவுதான் படம். தணிக்கை அதிகாரிகள் பார்த்துவிட்டு, கடைசியில் புருஷன் வீட்டுக்குத் திரும்பி வருகிற மாதிரி எடு, விடுகிறோம் என்றார்கள். அந்தக் காட்சி எடுக்க எனக்குத் தெரியாது என்று இவர் சொல்லிவிட்டார். படச்சுருள்களை எடுத்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவே இல்லை. அதற்குப் பிறகு அவரைக் கூப்பிட யாருக்கும் துணிவு வரவில்லை. தெரிந்த வீடுகளில்கூடக் கதவு சாத்தினார்கள். விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வரத் தொடங்கியதும் தாய்லாந்துக்குப் போய், கப்பலில் வேலைக்கு ஏறி, பலெர்மோத் துறைமுகத்தில் இறங்கினவர் திரும்ப ஏறவில்லை.

முதல் குளிர்காலம் சியாகுல்லித் தோட்டங்களில் மந்தாரின் தோடம்பழம் ஆய்ந்தார். பிறகு இந்த வீட்டுக்கு வந்தார், படுக்கையில் கிடந்த சின்யோராவின் புருஷனைத் தூக்கிப் பறிக்க. நான் அப்போதே இங்கே சமையலும் துப்புரவும். நான் துணி காயப்போட்டுக்கொண்டு தங்கச்சியோடு தொலைபேசியில் கதைப்பதைக் கேட்டுவிட்டு, பின்னால் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணினார். திரும்பிப் பார்த்தேன். அதுதான் எங்கள் அறிமுகம்.

அந்தக் காணாமல் போன படத்தை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் சோற்றுப் பாத்திரத்தைக் கட்டுகிற துணி என்ன நிறம் என்பதுவரை எனக்குத் தெரியும். ஒரு பிரதியும் மிச்சமில்லாத படம். உனக்குப் பதின்மூன்று வயதானபோது பர்மாவில் கெடுபிடி தளர்ந்தது. அவருடைய பழைய ஆட்கள் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார்கள். அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும், ஒரு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று போனார். வந்தார், போனார். காசுக்காக வேறு படங்கள் இரண்டு மூன்று எடுத்தார். நீ வளர்வதைத் தொலைபேசியில் பார்த்தார். கடைசியில் அந்தப் படத்தைத் தொடங்கின வருஷம்தான் ராணுவம் திரும்ப ஆட்சியைப் பிடித்தது. சினிமாக்காரர்கள் வீதியில் இறங்கினபோது இவரும் சாரம் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். பிடியாணை வந்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணிலிருந்து எடுப்பார். கடைசியாக எடுத்தபோது, எல்லைப் பக்கம் ஒரு ஊரில் இருப்பதாகவும் பல்வலி என்றும் சொன்னார். உப்புத் தண்ணியில் கொப்பளியுங்கோ என்றேன். அவரோடு நான் கதைத்த கடைசி வார்த்தை அது.

பிறகு அந்த வீடியோ வந்தது. நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். ஒரு மதில், அதன் ஓரமாக ஒரு வாய்க்கால், குப்புற விழுந்து கிடக்கிற ஒரு ஆள். முகம் பாதிதான் தெரிந்தது. இயக்குநர் லின் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது அவருடைய பழைய படத்தில் வருகிற காட்சி, புரளி கிளப்பாதீர்கள் என்று சிலர் எழுதியிருந்தார்கள். நீ மொழிபெயர்த்து வாசித்துவிட்டுச் சொன்னாய்: "படம் அம்மா. அப்பான்ரை ஏதோ பழைய படம்." நான் ஓம் என்றேன்.

மகன், அது படம் இல்லை. சாவு நடிக்கிறவனுக்குக் காமரா எங்கே இருக்கிறது என்று செத்த பிறகும் தெரியும் என்று அப்பா சொல்வார். பாழடைந்த கிணற்றுக்குள் விழுந்தாலும் முகம் வெளிச்சத்துக்குத் திரும்பும். அந்த வாய்க்கால் ஓரம் கிடந்த ஆள் முகத்தை மதில் பக்கம் திருப்பியிருந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றதில் இல்லை. கையொன்று உடம்புக்குக் கீழே மாட்டியிருந்தது. அப்படி யாரும் படுக்கமாட்டார்கள், வலிக்கும். அந்தப் பிடரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் நித்திரை கொண்டிருக்கிறேன். நீ குளிக்கப் போன பிறகு அந்த வீடியோவை முடியும்வரை திரும்பப் பார்த்தேன். எடுத்தவன் சட்டென்று நிறுத்திவிட்டான். இன்னும் கொஞ்சம் ஓடவிட்டிருக்கக் கூடாதா என்று அவன்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. என் மனம் அப்போது அப்படித்தான் வேலை செய்தது.

அதற்குப் பிறகு அவர் இல்லாத இடமே இல்லை. அவருடைய பழைய படங்களை யார் யாரோ யூடியூபில் ஏற்றுகிறார்கள். கீழே மெழுகுதிரிப் படம் போடுகிறார்கள். பஸ்ஸில் இருந்து பார்ப்பேன், ஒரு சொல்லும் விளங்காது. இருபத்தைந்து வயது, உன்னுடைய மூக்கு, உன்னுடைய காது. ஆற்றில் விழுகிறார், மற்றப் படத்தில் திரும்ப வருகிறார். போன மாதம் நீ வீடியோவில் கதைத்துக்கொண்டிருக்கும்போது தொடர்பு கெட்டு உன் முகம் அப்படியே நின்றுவிட்டது, கண் பாதி மூடினபடி. நான் தொலைபேசியை அணைத்துவிட்டேன். அம்மாவுக்கு என்ன கோபம் என்று நீ அபிஷாவிடம் கேட்டாயாம். கோபம் இல்லை, ராசா.

இந்த வீட்டிலும் விடுகிறாரில்லை. சின்யோராவுக்கு இப்போது நினைவு தப்பிவிட்டது. "லின் எங்கே? அவருக்கு மருந்து கொடுக்கச் சொல்" என்பாள். அவர் என்று அவள் சொல்வது எப்போதோ செத்துப்போன தன் புருஷனை. லின் இல்லை, சின்யோரா என்றால், "பொய் சொல்லாதே, இப்போதுதானே இதாலே போனான்" என்று நடையைக் காட்டுவாள். ஒவ்வொரு முறையும் நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க இன்னும் பழகவில்லை.

நீ அந்தச் சொல்லை வேண்டாம் என்கிறாய். காத்திருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அண்ணனைச் சண்டைக் காலத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சொல்லியிருக்கிறேன். என் ஐயா சைக்கிளில் முகாம் முகாமாகப் போனார். அதுகூடப் பரவாயில்லை. உன் சின்னம்மாவுக்கு நல்ல இடத்தில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. "தமையன் வந்து நிண்டுதான் செய்யவேணும், அவன் வரட்டும்" என்று ஐயா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருஷம் பொறுத்தார்கள், பிறகு வேறு இடம் பார்த்தார்கள். சின்னம்மா இன்றைக்கும் அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். ஐயா போய்விட்டார், அண்ணனும் வரவில்லை. உன் கலியாணத்திலும் அப்படி ஒரு ஆள் வரலாம், வரலாம் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை.

இதுவரை எழுதியதைச் செவ்வாய்க்கிழமை மடித்து வைத்தேன், அனுப்பவில்லை. இன்றைக்கு வெள்ளி. நேற்று அபிஷா வீட்டுக்கு வந்தாள். எனக்கு எடுத்த பட்டுச் சேலைகளைக் கட்டிலில் விரித்துவிட்டு, இதில் எது பிடித்திருக்கிறது என்று கேட்டாள். சிவப்பு ஒன்று, மாம்பழ மஞ்சள் ஒன்று. இந்த நிறமெல்லாம் எனக்கு எதற்கு பிள்ளை என்றேன். அவள் சேலையை மடிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மாமி, உங்கடை மகன் உங்களுக்குச் சொல்லமாட்டார். நான் சொல்றன். அவருக்குத் தெரியும்."

என்ன தெரியும் என்றேன்.

"அது படம் இல்லையெண்டு."

நீ தூரினுக்குப் போன முதல் வருஷம் முழுக்க என்ன செய்தாய் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. வேலை முடிந்து வந்து, அப்பாவின் படங்கள் கிடைத்த அத்தனையையும் ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறாய். அந்த மதிலையும் அந்த வாய்க்காலையும் தேடியிருக்கிறாய். கண்டுபிடித்து, இதோ அம்மா என்று எனக்குக் காட்டுவதற்காக. எங்கேயும் இல்லை. கடைசிப் படம் முடிந்த அன்றைக்கு அபிஷாவுக்குத்தான் எடுத்துச் சொன்னாயாம். அதற்குப் பிறகும் என்னிடம் படம், படம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாய்.

"பிறகேன் பிள்ளை, காலஞ்சென்ற எண்டு போட விடுறானில்லை?"

"அதைப் போட்டா உங்களை மணவறைக்குக் கிட்ட விடமாட்டினமாம். ஆரோ ஒரு மாமி அவருக்குச் சொல்லியிருக்கிறா. வெள்ளைச் சேலையோடை பின்வரிசைக் கதிரையிலை இருத்திப்போடுவினம் எண்டு பயப்பிடுறார்."

தேத்தண்ணி போட எழும்பினேன். அவளும் கூடவே குசினிக்கு வந்தாள். அடுப்பைப் பற்றவைக்காமல் கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவள் அதை வாங்கி வைத்தாள்.

ராசா, இவ்வளவு காலமும் நான் உனக்காகப் பேசாமல் இருந்தேன், நீ எனக்காகப் பொய் சொன்னாய். ஒரே வீட்டில் ஒரே சாவை இரண்டு பேரும் ஒளித்து வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம். புருஷனாகப் போகிற உனக்கு நான் புத்தி சொல்வதென்றால் இந்த ஒன்றைத்தான் சொல்வேன். அபிஷாவோடு இப்படி இருக்காதே. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று எதையும் மறைக்காதே. நானும் உன் அப்பாவும் பாஷை காணாமல் பல விஷயங்களைச் சொல்லாமல் விட்டோம். உங்கள் இருவருக்கும் இரண்டு பாஷை இருக்கிறது, இரண்டிலும் சொல்லுங்கள்.

இன்று காலை அபிஷாவின் அப்பாவுக்கு நானே எடுத்தேன். 'காலஞ்சென்ற' என்று போடச் சொன்னேன். அந்தக் கையோடு இன்னொன்றும் சொன்னேன், மகனின் கலியாணத்தில் நான் முன்னுக்குத்தான் நிற்பேன், மாம்பழ மஞ்சள் சேலையோடு. யாருக்கும் சங்கடம் என்றால் இப்போதே சொல்லுங்கள் என்றேன். "நீங்கள் நிக்காமல் வேறை ஆர் நிக்கிறது? ஐயரோடை நான் கதைக்கிறன்" என்றார்.

பிறகு ஐயரே எனக்கு எடுத்தார், ஒன்றும் தடை சொல்லவில்லை. ஆனால், தகப்பனுக்குச் செய்ய வேண்டியது எதுவும் செய்யாமல் மகன் மணவறையில் இருக்கக் கூடாது என்றார். உடம்பு கிடைக்காதவர்களுக்கும் முறை இருக்கிறதாம். இவர் புத்த சமயம் என்று சொன்னேன். தகப்பன் தகப்பன்தானே என்றார். மூன்று தலைமுறையின் பெயர் வேண்டும் என்றார். எனக்கு உன் அப்பாவின் பெயரைத் தவிர வேறு பெயர் தெரியாது. அந்த நாட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, பிள்ளையின் பெயரை வைத்துத் தகப்பனைக் கண்டுபிடிக்க முடியாது.

மோல்மீனில் இருக்கிற உன் மாமிக்கு, அப்பாவின் அக்காவுக்கு எடுத்தேன். லைன் கிடைக்கவே நேரமாகிவிட்டது. அவள் அந்தத் தமிழ்த் தெருவிலேயே இருக்கிறாள், சந்தைத் தமிழ் கொஞ்சம் வரும். வருஷத்துக்கு ஒருமுறை கதைத்தாலும் அவளும் நானும் அந்தப் பேச்சைத் தொடுவதில்லை. உனக்குக் கலியாணம் என்றேன், சந்தோஷப்பட்டாள். பிறகு கேட்டாள்: "தம்பி வராதா?"

"வரமாட்டார் அக்கா. செத்துப்போனார்."

'செத்துப்போனார்' என்று நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் யாரோ தெருவில் மோட்டார் சைக்கிளை முறுக்குகிற சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும்மா. நீ சொல்லாம நான் எப்படிச் சொல்லுவேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். கால்சாவில் நானும் மோல்மீனில் அவளுமாகக் கனநேரம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அழுது முடித்துவிட்டு, பெயர்களை எனக்கு மெதுவாக, இரண்டு இரண்டு முறை சொன்னாள்.

நீ கலியாணத்துக்கு ஒரு கிழமை முந்தி வா. விடியக்காலமை போரோ இத்தாலிகோப் பக்கம் கடற்கரைக்குப் போவோம். ஐயர் அங்கே வருகிறார், அபிஷாவும் வருகிறாள். ஐயர் கேட்கும்போது தட்டுத்தடுமாறாமல் சொல்ல வேண்டும், இப்போதே பாடமாக்கிக்கொள். உன் அப்பாவின் பெயர் லின். லின்னின் அப்பா பா தின், ஆற்றில் படகு ஓட்டினவர். பா தின்னின் அப்பா ஷ்வே மோங். அவரைப் பற்றி மாமிக்கும் ஒன்றும் தெரியாது, பெயர் மட்டும்தான்.

அம்மா